காம்பாக்ட் எஸ்யூவி: லீஸா, சொந்தமா, எந்த மாடல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் மாற்றப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது “எந்த மாடல் நல்லது?” என்பதுதான். பதிலுக்கு நான் கேட்பது, “எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள்?” என்பது. பலருக்கு இது எரிச்சலூட்டுகிறது. ஆனால் லீஸா சொந்தமா என்பதை மட்டுமல்ல, எந்த மாடல் என்பதையும் அந்த எண்தான் பாதி முடிவு செய்கிறது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் போக்கிலேயே தொகுத்திருக்கிறேன்.

காம்பாக்ட் எஸ்யூவி என்று எதைத்தான் சொல்கிறார்கள்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுகிறார்களே?

அதற்கு உலகப் பொதுவான வரையறை இல்லை. சில சந்தைகளில் நான்கு மீட்டருக்குக் குறைவான வண்டியைக்கூட இந்தப் பெயரில் விற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது சுமார் 4.5 முதல் 4.7 மீட்டர் நீளமுள்ள, ஐந்து பேர் அமரும் வகையைப் பற்றி. டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி, மாஸ்டா சிஎக்ஸ்-5, ஹூண்டாய் டூசான், கியா ஸ்போர்டேஜ், சுபாரு ஃபாரஸ்டர் எல்லாம் இந்தக் கூட்டம்.

தோற்றம் ஜீப்பை நினைவூட்டினாலும் இவை அடிப்படையில் கார்கள். லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தாமல், கார் போல ஒரே கூடாகக் கட்டப்பட்டவை. 1994-ல் வந்த ராவ்4, 1995-ல் வந்த சிஆர்-வி, 1997-ல் வந்த ஃபாரஸ்டர் ஆகியவைதான் இந்தப் பாணியைப் பரவலாக்கின. கரடுமுரடான மலைப்பாதையில் ஏற்றுவதற்காக இவற்றை வாங்க நினைத்தால், நீங்கள் தேடுவது வேறு வகை வண்டி.

லீஸ் என்பது நீண்டநாள் வாடகைதானே? அந்தத் தவணையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வாடகை என்று புரிந்துகொள்வதைவிட, காரின் தேய்மானத்தை மட்டும் வாங்குகிறீர்கள் என்று புரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தம் தொடங்கும்போதே, முடிவில் வண்டிக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நிறுவனம் எழுதிவிடுகிறது. இதை எஞ்சிய மதிப்பு என்கிறோம். விலைக்கும் எஞ்சிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மாதங்களால் வகுத்தால் தவணையின் பெரிய பகுதி வந்துவிடும். மீதி வட்டி.

விலை 100, மூன்று ஆண்டு கழித்து எஞ்சிய மதிப்பு 60 என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 40, அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1.11. வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால், 100-க்கும் 60-க்கும் சராசரியான 80-க்கு மாதம் 0.40 சேரும். ஆக மாதத் தவணை 1.51, மூன்றாண்டில் மொத்தம் 54.4. வரியும் கட்டணங்களும் தனி.

சில ஒப்பந்தங்களில் வட்டியைச் சதவீதமாகச் சொல்லாமல் 0.0025 என்பது போன்ற ஒரு குட்டி எண்ணாகக் காட்டுவார்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். அதை 2400 ஆல் பெருக்குங்கள். ஆண்டு வட்டி விகிதம் கிடைக்கும். 0.0025 என்பது 6 சதவீதம்.

சரி, எது மலிவு? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, ஒரே கணக்கில் முடியும். மேலே சொன்ன அதே காரை முன்பணம் இல்லாமல், 6 சதவீத வட்டியில், 60 மாதக் கடனில் வாங்கினால் மாதத் தவணை 1.93. மூன்று ஆண்டில் 69.6 கட்டியிருப்பீர்கள், கடன் பாக்கி 43.6 இருக்கும், கார் 60-க்குப் போகும். விற்றுக் கடனை அடைத்தால் கையில் 16.4 மிஞ்சும். அப்படியென்றால் மூன்றாண்டுச் செலவு 53.2. லீஸில் 54.4. மூன்றே ஆண்டுக்குப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கார் தன் மதிப்பை வேகமாக இழப்பது முதல் சில ஆண்டுகளில். சொந்தமாக வாங்கியவர் ஆறாம் ஆண்டிலிருந்து தவணையே இல்லாமல் ஓட்டுகிறார். மூன்றாண்டுக்கு ஒருமுறை லீஸ் எடுப்பவரோ மீண்டும் மீண்டும் அந்தச் செங்குத்தான முதல் சரிவுக்கே பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு, பத்து ஆண்டு வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர் லீஸ் பக்கம் திரும்பவே வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் மாற்றுகிறவர், பழைய காரை விற்கும் தலைவலியை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு லீஸ் எடுப்பதில் தவறில்லை.

விலை குறைந்த காருக்கு லீஸ் தவணை அதிகமாகச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

அவசியமில்லை. ஒரு கார் 100, அதன் எஞ்சிய மதிப்பு 62. இன்னொன்று 94, எஞ்சிய மதிப்பு 50. முதல் காருக்குத் தேய்மானம் 38, இரண்டாவதற்கு 44. அதே 6 சதவீத வட்டியில் முதல் காரின் தவணை 1.46, இரண்டாவதன் தவணை 1.58. விலையில் ஆறு குறைந்த கார், தவணையில் அதிகம்.

ஆகவே லீஸ் எடுக்கும்போது விலைப் பட்டியலை ஒப்பிடுவதில் பயன் குறைவு. மறுவிற்பனையில் பெயரெடுத்த மாடல்கள் லீஸில் சாதகமாக அமைவது இதனால்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு: விற்காமல் தேங்கிய மாடலுக்கு உற்பத்தி நிறுவனமே வட்டியைக் குறைத்தோ எஞ்சிய மதிப்பை உயர்த்தியோ சலுகை தரும். உயர்த்திய எஞ்சிய மதிப்பு தவணை கட்டுகிறவருக்கு லாபம். முடிவில் அதே விலைக்கு வாங்க நினைத்தால் நஷ்டம்.

முன்பணம் நிறையக் கட்டினால் லீஸ் தவணை குறைகிறதே, கட்டலாமா?

வேண்டாம். குறைவது போலத் தெரிகிறது; அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். கொஞ்சம் வட்டி மிச்சமாகும். ஆனால் இரண்டாம் மாதமே வண்டி விபத்தில் முழுதாக நாசமானால், காப்பீட்டுத் தொகை வண்டியின் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். உங்கள் முன்பணம் பெரும்பாலும் திரும்பாது.

அதே விபத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காப்பீடு தருவது அன்றைய சந்தை மதிப்பை. ஒப்பந்தத்தில் பாக்கி அதைவிட அதிகமாக இருக்கலாம். இந்த இடைவெளியை ஈடுகட்டும் காப்பீடு சில லீஸ்களில் உள்ளடங்கியிருக்கும், சிலவற்றில் தனியாக எடுக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். முன்பணமே கட்டாமல் கடனில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்?

தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அபராதம். ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை வரம்பு வைப்பது வழக்கம். ஓட்டத்தைக் குறைத்துச் சொல்லித் தவணையைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். தொடக்கத்திலேயே கூடுதல் வரம்பு வாங்குவது கடைசியில் அபராதம் கட்டுவதைவிடப் பொதுவாக மலிவு. இப்போது ஓட்டும் காரின் பழைய சர்வீஸ் ரசீதுகளில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உங்கள் நினைவைவிட அதை நம்புங்கள். குறைவாக ஓட்டினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள்: பெரும்பாலும் கிடைக்காது.

நடுவில் லீஸை முறித்துக்கொள்ள முடியுமா?

முடியும், வலிக்கும். மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கேட்பார்கள். சில ஒப்பந்தங்கள் இன்னொருவர் பெயருக்கு மாற்ற அனுமதிக்கின்றன. வேலை, ஊர், குடும்ப அளவு என ஏதேனும் ஒன்று மூன்றாண்டுக்குள் மாறக்கூடும் என்றால் லீஸ் உங்களுக்கானதல்ல.

ஷோரூமில் மாதத் தவணையை மட்டுமே சொல்கிறார்கள். வேறு என்ன கேட்க வேண்டும்?

நான்கு எண்களை எழுத்தில் கேளுங்கள்: கணக்குக்கு எடுத்துக்கொண்ட காரின் விலை, எஞ்சிய மதிப்பு, வட்டி விகிதம், தொடக்கத்திலும் முடிவிலும் வரும் கட்டணங்கள். இவை இருந்தால் முன்பு சொன்ன கணக்கை நீங்களே போட்டுவிடலாம். எஞ்சிய மதிப்பைப் பெரும்பாலும் பேரம் பேச முடியாது. விலையைப் பேசலாம், லீஸுக்கும் பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. “மாதம் எவ்வளவு வரை முடியும்?” என்று எதிர்க்கேள்வி வந்தால் பதில் சொல்லாதீர்கள். சொன்ன தொகைக்குள் தவணையை அடக்க மாதங்களைக் கூட்டினால் போதும், அந்த நான்கு எண்களும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ராவ்4, சிஆர்-வி, சிஎக்ஸ்-5, டூசான், ஃபாரஸ்டர்: ஐந்தில் எதை எடுப்பது?

மோசமான கார் இந்த ஐந்தில் இல்லை. அதனால்தான் தேர்வு கடினமாக இருக்கிறது. நீண்டநாள் வைத்திருப்பவருக்கு முதலில் ராவ்4-ஐயும் சிஆர்-வியையும் காட்டுவேன். ராவ்4 ஹைப்ரிட்டில் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வகை) எஞ்சினையும் மோட்டாரையும் இணைக்கும் கோள்பல்சக்கர அமைப்பு டொயோட்டா பல ஆண்டுகளாகப் பல மாடல்களில் ஓட்டிப் பழகிய ஒன்று. சிஆர்-வி ஹைப்ரிட்டில் வழக்கமான கியர்பெட்டியே கிடையாது: பெரும்பாலான நேரம் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைக்கிறது. பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் சிஆர்-வியில் தாராளம். ராவ்4 உள்ளே கொஞ்சம் இரைச்சல், அலங்காரமும் குறைவு; அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதற்காக வாங்குவதில்லை.

ஓட்டுவதில் ஆசையுள்ளவருக்கு சிஎக்ஸ்-5. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும், பழகிய ஆறு வேகத் தானியங்கி கியர் தயக்கமில்லாமல் மாறும். ஆனால் இரண்டாம் தலைமுறையில் பின்னிருக்கையும் டிக்கியும் போட்டியாளர்களைவிடச் சிறியவை. 2025-ல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை 115 மில்லிமீட்டர் நீண்டு அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது; பதிலுக்கு, கைக்கு அடக்கமாக இருந்த திருகு பொத்தானை எடுத்துவிட்டுப் பெரிய தொடுதிரையிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். டூசான் எதிர்த்திசையில் போகிறது. நான்காம் தலைமுறை தொடுபலகையோடு வந்தது. புதுப்பித்தபோது பொத்தான்கள் திரும்பிவிட்டன. எனக்கு டூசான் செய்ததே சரி: வண்டி ஓடும்போது ஏசியைக் கூட்டக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கக்கூடாது.

டூசானில் இன்னொரு சங்கதி. அது இரண்டு நீளங்களில் விற்கப்படுகிறது. சக்கர இடைவெளி 2,680 அல்லது 2,755 மில்லிமீட்டர். பின்னிருக்கை விசாலம் என்று ஒருவர் புகழ்வதும், நெருக்கம் என்று இன்னொருவர் குறைசொல்வதும் வெவ்வேறு வண்டிகளைப் பற்றியதாக இருக்கலாம். ஃபாரஸ்டரைப் பொறுத்தவரை பெரிய கண்ணாடிகள், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, எல்லா வகையிலும் நான்கு சக்கர இயக்கம். வேகத்தில் அது யாரையும் மயக்காது. வயதான பெற்றோர் ஏறி இறங்கவும், ஓரளவு கரடான பாதைக்கும் ஏற்ற வண்டி.

ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா?

கணக்குப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் வகை 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டரும், ஹைப்ரிட் 6 லிட்டரும் குடிக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 300 லிட்டர். உங்கள் பெட்ரோல் விலையால் பெருக்கி, அதைக் கொண்டு விலை வித்தியாசத்தை வகுத்தால் எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று தெரிந்துவிடும். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் ஹைப்ரிட்டின் முழுப்பலன்; நெடுஞ்சாலையே கதியென்று இருப்பவருக்கு மிச்சம் குறையும். சில மாடல்களில் இப்போது இந்தக் கேள்வியே எழாது. 2025 மே மாதம் அறிமுகமான ஆறாம் தலைமுறை ராவ்4-ல் ஹைப்ரிட், செருகி சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் என இரண்டே வகைதான்.

பிளக்-இன் வகை வீட்டிலோ அலுவலகத்திலோ தினமும் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு மட்டும். முந்தைய தலைமுறை ராவ்4 பிளக்-இன் 18.1 கிலோவாட்-மணி பேட்டரியில், அமெரிக்க அரசு அளவீட்டின்படி சுமார் 68 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும். பலரின் ஒருநாள் ஓட்டம் அதற்குள் அடங்கிவிடும். சார்ஜ் செய்யாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரிகிறீர்கள். இதன் மறுவிற்பனை மதிப்பு எப்படி நகரும் என்று கணிப்பது கடினம். அந்தக் கவலையை லீஸ் நிறுவனத்திடம் விட்டுவிடலாம் என்பது லீஸுக்கு ஆதரவான நியாயமான வாதம்.

ஹைப்ரிட்டில் மாற்றுச் சக்கரம் இல்லையாமே?

சிலவற்றில் இல்லை. பேட்டரிக்கு இடம் விட்டுக்கொடுத்து, ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் பம்பும் மட்டும் தருகிறார்கள். ஆணி குத்தினால் அது போதும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. ஷோரூமில் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் பாதுகாப்புதானே?

வழுக்கும் தரையில் நகரத் தொடங்கவும் ஏற்றத்தில் ஏறவும் உதவும். பிரேக் பிடிப்பதில் உதவாது. எந்தக் காரும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது; பிடிமானத்தைத் தீர்மானிப்பது டயர். பனிக்காலத்தில், முன்சக்கர இயக்கத்தோடு நல்ல குளிர்கால டயர் போட்ட வண்டி, நான்கு சக்கர இயக்கத்தோடு தேய்ந்த டயர் போட்ட வண்டியைவிட முன்னதாக நிற்கும்.

இந்த வசதி எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. ஃபாரஸ்டரில் அது எப்போதும் இயங்குகிறது. பலவற்றில் தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரத்துக்குச் சக்தி போகிறது. ராவ்4 ஹைப்ரிட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டே இல்லை. பின்சக்கரங்களைத் தனி மின்மோட்டார் சுழற்றுகிறது. பனியோ சேறோ கூடுதலாகக் காணாதவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம்.

ஒரே காருக்கு ஓர் இடத்தில் 580 லிட்டர் டிக்கி என்கிறார்கள், இன்னோர் இடத்தில் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. ஐந்தாம் தலைமுறை ராவ்4-க்கு ஐரோப்பாவில் 580 லிட்டர் என்றும், அமெரிக்காவில் 37.5 கன அடி, அதாவது சுமார் 1,060 லிட்டர் என்றும் சொன்னார்கள். ஐரோப்பிய முறை டிக்கியின் மூடுதிரை வரை சிறு பெட்டிகளை அடுக்கி அளக்கிறது. அமெரிக்க எண்ணில் கூரை வரை உள்ள இடமும் சேர்கிறது. ஒரே முறையில் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். அதைவிட எளிது, உங்கள் குழந்தையின் தள்ளுவண்டியையோ பெரிய பெட்டியையோ எடுத்துப்போய் வைத்துப் பார்ப்பது.

மோதல் சோதனையில் எல்லாமே ஐந்து நட்சத்திரம். பாதுகாப்பில் வித்தியாசம் பார்க்கவே முடியாதா?

முடியும்; பின்னிருக்கையைப் பாருங்கள். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2022-ல் முன்பக்க மோதல் சோதனையை மாற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் சிறு உடலளவு பொம்மை ஒன்றையும் உட்கார வைத்தது. சோதித்த 15 சிறு எஸ்யூவிகளில் ஃபோர்டு எஸ்கேப், வால்வோ எக்ஸ்சி40 இரண்டுக்கு மட்டுமே உயர்ந்த தரம் கிடைத்தது. சிஆர்-வி, சிஎக்ஸ்-5, டூசான் மூன்றும் கடைசித் தரத்தில் நின்றன. முன்னிருக்கைக்காரர்களைக் காப்பதில் இவை நல்ல பெயர் வாங்கியவை என்பதை மறக்க வேண்டாம்.

மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்கும் கருவியும், அதன் பிறகு மார்பை நசுக்காமல் மெல்ல விட்டுக்கொடுக்கும் அமைப்பும் முன்னிருக்கையில் வழக்கமாகிவிட்டன. பின்னிருக்கையில் அவை மாடலுக்கு மாடல் மாறும். அதற்குப் பின் வந்த வண்டிகளில் சில மேம்பட்டிருக்கின்றன. அதனால் மாடல் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். நட்சத்திரங்களுக்கும் இதே விதி: சோதனை விதிகள் சில ஆண்டுக்கு ஒருமுறை கடுமையாகின்றன, பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

அடுத்த ஆண்டு புதிய தலைமுறை வருகிறதாம். காத்திருக்கலாமா, பழையதைத் தள்ளுபடியில் எடுக்கலாமா?

மீண்டும் தொடக்கத்தில் நான் கேட்டதுதான்: எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள்? பத்து ஆண்டு ஓட்டுகிறவருக்குத் தலைமுறையின் கடைசி ஆண்டு வண்டி நல்ல பேரம்: சிறு குறைகள் களையப்பட்டிருக்கும், தள்ளுபடியும் கிடைக்கும், மறுவிற்பனை மதிப்பு முதலிலேயே சரிந்தாலும் பத்தாம் ஆண்டில் அது பொருட்டல்ல. லீஸ் எடுப்பவருக்கு அதே சரிவு எஞ்சிய மதிப்பில் இறங்கித் தவணையில் வந்து உட்காரும். தள்ளுபடி அதை ஈடுகட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். புத்தம்புதிய தலைமுறையின் முதல் ஆண்டு வண்டியை லீஸில் எடுக்கலாம், ஒப்பந்தக் காலம் உத்தரவாதக் காலத்துக்குள் அடங்கும் என்றால். சொந்தமாக வாங்குவதென்றால் ஓராண்டு பொறுப்பேன்.

சோதனை ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

விற்பனையாளர் அழைத்துப்போகும் வழவழப்பான சாலையை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் போகும் பாதை போன்ற ஒன்றில் ஓட்டுங்கள். முன்னிருக்கையை உங்களுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் நீங்களே போய் உட்காருங்கள். குழந்தை இருக்கை இருந்தால் பொருத்திப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ரேடியோவை அணைத்து இரைச்சலைக் கேளுங்கள். வெயிலில் திரை தெரிகிறதா, திரும்பும்போது முன்தூண் பார்வையை மறைக்கிறதா என்பதெல்லாம் விவரத்தாளில் இருக்காது.

ஒரே மாடலின் உயர்ந்த வகையை ஓட்டிக்காட்டிவிட்டுக் கீழ்வகையை விற்பதும் நடக்கும். 19 அங்குலச் சக்கரமும் 17 அங்குலச் சக்கரமும் ஓட்டத்தில் வேறு வேறு வண்டிகள். பெரிய சக்கரம் அழகு. குழியில் இறங்கும்போது இடுப்புக்குத் தெரியும், டயர் மாற்றும்போது பணப்பைக்குத் தெரியும்.

லீஸ் முடியப்போகிறது. காரைத் திருப்பிக் கொடுக்கவா, வாங்கிவிடவா?

முதலில் ஒப்பந்தத்தில் வாங்கும் உரிமை இருக்கிறதா பாருங்கள். எல்லா லீஸிலும் இருப்பதில்லை. இருந்தால், அன்று எழுதிய எஞ்சிய மதிப்பை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். எழுதியது 60, சந்தையில் 68 என்றால் வாங்குவது லாபம். நீங்களே ஓட்டாவிட்டாலும் விற்கலாம். சந்தையில் 52 என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த எட்டு நஷ்டம் அவர்களுடையது. கார் எவ்வளவு பிடித்திருந்தாலும் 60 கொடுக்காதீர்கள், அதே போன்ற வண்டி வெளியே 52-க்குக் கிடைக்கிறது.

திருப்பிக் கொடுப்பதானால், சில வாரம் முன்பே பரிசோதனைக்குக் கேளுங்கள். கீறல், நெளிவு, தேய்ந்த டயர் எல்லாவற்றுக்கும் கட்டணம் போடுவார்கள். வெளியே சரிசெய்தால் பெரும்பாலும் குறைவாக முடியும். கிலோமீட்டர் வரம்பை நிறையத் தாண்டியிருந்தால் கணக்கு மாறும்: காரை வாங்கிவிட்டால் பெரும்பாலும் அந்த அபராதமும், கீறலுக்கான கட்டணமும் விழாது. ஆகவே 52-ஐயும் 60-ஐயும் மட்டும் பார்க்காமல், 52-உடன் அந்த அபராதத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.